மேலறைக்கு வந்த முன்னாள் டொக்டர்

எங்கள் வீட்டு மேலறை காலியானபோது அதற்கு ஒரு தமிழ்ப் பொடியனைத்தான் பிடிக்க வேண்டும் என்று இவர் முடிவுகட்டியிருந்தார். இவர் என்றால் என் மனிசன். மகன் கலியாணம் முடித்துத் தனி வீடு போய்விட்டான். மகளுக்கு மான்செஸ்டரில் வேலை. லண்டன் மோர்டனில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் மேலறைகளில் படிக்க வந்த பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். "எங்கட பொடியன் எண்டால் கதைக்கலாம், கரம் போர்ட் அடிக்கலாம், குப்பை வாளியை வெளியில வையடா எண்டும் சொல்லலாம்," என்று இவர் காரணங்களை அடுக்கினார். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற மனிசன். பகல் முழுக்க ஆரோடாவது கதைக்க வேண்டும்.

கடைசியில் அந்த அறைக்கு நான் கூட்டிக்கொண்டு வந்தது அறுபத்தைந்து வயது தாண்டிய ஒரு ஜப்பான்காரரை.

எனக்குக் கவுன்சில் நூலகத்தில் வேலை. அவர் அங்கே வந்து பத்திரிகை வாசிப்பார். எங்கள் பகுதியில் இலவசமாகப் போடுகிற பத்திரிகை ஒன்று இருக்கிறது, சமையலறையில் மீன் வெட்டும்போது விரிப்பதற்குத்தான் ஆட்கள் அதை எடுப்பார்கள். அவர் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை, ஆர் தன் வீட்டுப் பின்பக்கத்தை நீட்டிக் கட்ட அனுமதி கேட்டிருக்கிறார் என்பது வரை வாசிப்பார். ஒரு நாள் என் மேசைக்கு வந்து தலை குனிந்து வணங்கிவிட்டுச் சொன்னார்: "இந்தப் பகுதியில் ஒருவர் தன் கூரையை உயர்த்துவதற்கு மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறார். போன முறை மறுத்துவிட்டார்கள். இந்த முறை அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்."

பத்திரிகையில் அவர் காட்டிய விலாசம் எங்கள் பக்கத்து வீடு. பக்கத்தில் இருக்கிற எங்களுக்கே அந்தக் கூரையில் அவ்வளவு அக்கறை இருக்கவில்லை. அன்றைக்குத்தான் நான் அவரோடு கதைக்கத் தொடங்கினேன். அவர் இருந்த வீட்டைச் சொந்தக்காரர் விற்கப் போகிறார் என்றும், வேறு அறை தேடுகிறார் என்றும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தவரிடம் இவர் வாசலில் வைத்தே தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் விசாரித்தார், என்ன வேலை என்று.

"முதலில் நான் டொக்டராக இருந்தேன். பிறகு அரசாங்க அலுவலராக இருந்தேன். இப்போது ஒரு பத்திரிகைக்கு எழுதுகிறேன்."

எங்கள் ஆட்களுக்கு டொக்டர் என்ற சொல்லுக்குப் பிறகு காது கேட்காது. இவர் என்னை உள்ளே கூப்பிட்டு, "இஞ்சேரும், மெத்தையை மாத்த வேணும், அது பழசு," என்றார். கரம் போர்டைப் பற்றிய கதையே வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வால்தம்ஸ்டோவில் இருந்து இவருடைய அக்கா வந்து இறங்கினார். முழங்கால் நோ என்று லண்டனின் ஒரு தொங்கலில் இருந்து மற்றத் தொங்கலுக்கு ரயில் மாறி மாறி வந்திருந்தார். மேலறைக்காரர் தேநீர் எடுக்கக் கீழே வந்தபோது அக்கா காலை நீட்டிக்கொண்டு தயாராக இருந்தார்.

"மன்னிக்க வேண்டும். நான் இப்போது டொக்டர் இல்லை. இந்த நாட்டில் மருத்துவம் செய்ய எனக்கு அனுமதி கிடையாது," என்று அவர் சொன்னார்.

"நல்ல தன்னடக்கமான ஆள்," என்று இவர் அக்காவுக்கு மொழிபெயர்த்தார். "நீ சொல்லு அக்கா."

அவர் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கேள்வி கேட்கத் தொடங்கினார். நோ எப்போது தொடங்கியது, அப்போது எந்த வீட்டில் இருந்தீர்கள், அந்த வீட்டில் படி இருந்ததா, சாமான் வாங்கிக்கொண்டு வருவது ஆர், மாமியார் கூட இருந்தாரா? நான்தான் நடுவில் இருந்து ஆங்கிலத்தைத் தமிழாக்கி, தமிழை ஆங்கிலமாக்கினேன். அக்கா தன் சீவியத்தையே அவிழ்த்துக் கொட்டினார். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு அவர் எழும்பி, "தயவுசெய்து உங்கள் ஜிபி டொக்டரைப் பாருங்கள்," என்றார்.

அக்காவுக்குப் பரம திருப்தி. "ஜிபி எனக்கு முகத்தைப் பாக்காமலே மாத்திரை எழுதுறவர். இவர் என்ர மாமியின்ர குணம் வரைக்கும் கேட்டவர். இவரெல்லோ டொக்டர்!"

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் முன்னறை ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. நாரிப்பிடிப்பு, சலரோகம், தலைச்சுற்று, ஒரு வருத்தமும் இல்லாமல் சும்மா ஒருக்கால் காட்டிவிட்டுப் போக வந்தவர்கள். இவர் கொட்டிலில் இருந்து மடிக்கிற கதிரைகளை எடுத்து வந்து வரிசையாகப் போட்டு, தேத்தண்ணி கொடுத்து, "அடுத்தது நீங்கள் வாங்கோ" என்று கூப்பிடும் உத்தியோகத்தைத் தானே ஏற்றுக்கொண்டார். மொழிபெயர்த்து மொழிபெயர்த்து எனக்குத் தலையிடி வந்தது. அதை மேலறைக்காரரிடம் சொன்னேன். என்னையும் ஜிபியைப் பார்க்கச் சொன்னார்.

நல்ல டொக்டர் வேலையை ஏன் விட்டார் என்று இவருக்கு விளங்கவே இல்லை. ஒரு நாள் புட்டும் சொதியும் வைத்து இரவுச் சாப்பாடு சாப்பிடும்போது நேரடியாகவே கேட்டுவிட்டார். அவர் கரண்டியை வைத்துவிட்டு, வானிலை அறிக்கை வாசிப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

ஜப்பானின் வடக்கில் பனி கொட்டுகிற ஒரு சின்னக் கரையோர ஊர். அங்கே அவர் ஒருவர்தான் டொக்டர். வெயில் காலம் வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரும். மருந்து கொடுப்பார், சுகமாகும், அடுத்த மாதம் அதே பிள்ளைகள் திரும்பி வரும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற தண்ணீர்க் குழாய் உக்கிப் போயிருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தார். "நான் சுகமாக்கி அனுப்பியவர்களைக் குழாய் எனக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது," என்றார்.

மாகாண அரசாங்கக் கந்தோருக்குப் போய் முறையிட்டார். அங்கே இருந்தவர் மிகவும் மரியாதையாக, இந்த மாதிரி விசயங்களைக் கந்தோருக்கு உள்ளே இருப்பவர்கள்தான் எழுப்பலாம் என்று சொல்லியிருக்கிறார். வேறு ஆளாயிருந்தால் கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்திருப்பார். எங்கள் மேலறைக்காரர், உள்ளே வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். எழுதினார். கிளினிக்கை வேறொரு டொக்டரிடம் கொடுத்துவிட்டு சுகாதாரப் பிரிவில் போய் உட்கார்ந்த பிறகுதான், குழாய்கள் வேறு பிரிவுக்குச் சொந்தம் என்றும், அந்தப் பிரிவு மேல் மாடியில் இருக்கிறது என்றும் தெரிந்தது. பதவி உயர்ந்து மேல் மாடிக்குப் போகப் பல வருசம் பிடித்தது.

"பிறகு குழாயை மாத்தினவையோ?" என்று இவர் ஆவலாகக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"மாற்றினார்கள். அதற்குள் அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்துவிட்டன."

இவர் சிரித்துப் புரையேறி நான் தலையில் தட்ட வேண்டியிருந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. மிச்சக் கதையையும் அதே முகத்தோடு சொன்னார்.

மேல் மாடியில் அவருக்குக் கிடைத்தது பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. நிறையக் கதைக்க வேண்டும், ஒன்றும் சொல்லக் கூடாது. அதில் அவர் பெரிய கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்திருந்தாராம். மலைப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியை மூடப் போவதாக அறிவித்த அன்று, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு நிருபர் எழும்பி, அங்கே எத்தனை கட்டில்கள் இருக்கின்றன என்று கேட்டார். மேலறைக்காரரால் பொறுக்க முடியவில்லை. "மன்னிக்கவும், அது சரியான கேள்வி இல்லை. பனி கொட்டும்போது அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேளுங்கள்," என்றார். அந்த நிருபர் அப்படியே கேட்டார். கேள்வி கேட்கப்பட்டுவிட்டதால் மேலறைக்காரர் பதில் சொன்னார். ஆஸ்பத்திரியை மூடுவது நின்றது. அவரைப் பொதுக் குளியல் விடுதிகளில் வெந்நீர் போதிய சூட்டில் இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

"அந்தக் காலத்தில் நான் மிகவும் சுத்தமான மனிதனாக இருந்தேன்," என்றார்.

பிறகு வேலையை விட்டார். அந்த நிருபருடைய பத்திரிகையே அவரை எடுத்துக்கொண்டது. மனைவி காலமான பிறகு, லண்டனுக்குப் போக ஆளில்லை என்று ஆசிரியர் சொன்னபோது கையைத் தூக்கியிருக்கிறார். லண்டனில் இருந்து வாராவாரம் ஒரு பத்தி எழுத வேண்டும். நாங்கள், அவர் பாராளுமன்றத்தையும் அரச குடும்பத்தையும் பற்றி எழுதுகிறார் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் வயதான ஒரு ஜப்பான் சோடி. இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து வணங்கினார்கள். அந்த ஐயாவுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தது. கையில் வெட்டி வைத்த பத்திரிகைத் துண்டுகள். ஒவ்வொரு வாரமும் எங்களைப் பற்றி வாசிக்கிறார்களாம். லண்டன் பார்க்க வந்தவர்கள், கோபுரத்தையும் பாலத்தையும் விட்டுவிட்டு முதலில் இங்கே வந்திருக்கிறார்கள். பத்தியில் மோர்டன் என்ற பெயர் மட்டும்தான் இருந்தது, விலாசம் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் கூரைக்கு அனுமதி கிடைத்து அது உயர்ந்த கதையை அவர் விரிவாக எழுதியிருந்ததால், உயர்ந்த கூரை ஒன்றைத் தேடித் தெருத் தெருவாக நடந்து கண்டுபிடித்துவிட்டார்கள்.

மேலறைக்காரர் வெளியே போயிருந்தார். இவருக்கோ தலைகால் தெரியவில்லை. "எங்களைப் பற்றி ஜப்பானில வாசிக்கினமாம்! வாங்கோ, வாங்கோ, இருங்கோ!" என்று தமிழிலேயே உபசரித்தார். துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கப் போனை அதன்மேல் பிடித்தோம். போன் அதைத் தமிழாக்கியது: 'வீட்டின் தலைவர் படிக்கட்டில் திருமணத்தைத் தவம் செய்கிறார்.'

"தவம் எண்டு போட்டிருக்கு!" என்றார் இவர். "பாத்தீரே, நான் என்ன சும்மா ஆளே?"

அந்தத் தவம் எனக்குத் தெரியும். எங்கள் படிக்கட்டின் நடுச் சுவரில் எங்கள் கலியாணப் படம் தொங்குகிறது. கொஞ்சக் காலமாக இவர் மேலே ஏறும்போதெல்லாம் அங்கே நின்று அதைப் பார்ப்பார், சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைப்பார், நேராக இருக்கிற படத்தை இன்னும் நேராக்குவார். இந்த வயதில் இந்த மனிசனுக்கு என்மேல் இப்படி ஒரு பட்சமா என்று நான் உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன். நூலகத்தில் கூட வேலை செய்கிற பெண்ணுக்கும் சொல்லியிருந்தேன்.

வந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். இவர் முன்னால் ஏறினார். நடுவில் நின்றார், படத்தைத் தொட்டார், திரும்பி அவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்கள் சிரிக்கவில்லை. அந்த அம்மா இரண்டு படி ஏறிப் போய் இவருடைய மணிக்கட்டைப் பிடித்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என் மனைவி நேர்சாக வேலை செய்தவள்," என்றார் அந்த ஐயா. "அவள் கேட்கிறாள், நெஞ்சு இறுக்குகிறதா? இடது கை நோகிறதா?"

"நோ, நோ," என்று இவர் ஆங்கிலத்தில் மறுத்தார். "போட்டோ. லவ்."

அந்த அம்மா கையை விடவில்லை. இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தமிழில், மெதுவாக, "கொஞ்சம் இறுக்குறதுதான்," என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவு திறந்து மேலறைக்காரர் ஒரு கையில் பாலும் மறுகையில் பத்திரிகைகளுமாக உள்ளே வந்தார். படிக்கட்டில் நின்ற மூவரையும் பார்த்தார். ஐயா அவரிடம் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். பிறகு எனக்கும் சொன்னார்: அந்தப் பத்தி வந்ததில் இருந்து, லண்டன் வீட்டுக்காரருக்கு இதயத்தைப் பார்க்க வேண்டும் என்று நிறைய வாசகர்கள் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார்களாம்.

எனக்கு வந்த கோபத்தில், "நீங்கள் கண்டனீங்கள், ஜப்பான் முழுக்க எழுதினனீங்கள், அடுப்படியில நிக்கிற எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை!" என்று தமிழில் ஏசிவிட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்காமல் முழுவதையும் ஆங்கிலத்தில் திரும்ப ஏச வேண்டியிருந்தது. இரண்டாம் தரம் ஏசும்போது பாதிக் கோபம் போய்விடுகிறது.

"நான் உங்கள் கணவரிடம் பல தடவை சொன்னேன்," என்றார் அவர், குனிந்தபடியே.

"என்ன சொன்னீர்கள்?"

"இந்த வீட்டுப் படிகளைப் பற்றிச் சற்று யோசிப்பது பயனுள்ளதாக இருக்கலாம் என்றேன்."

"ஓம், சொன்னவர்தான்," என்றார் இவர் படியில் இருந்தபடி. "நான் கார்பெட்டைப் பற்றிச் சொல்லுறார் எண்டு நினைச்சன்."

போன மாதம்தான் படிக்கட்டுக்குப் புதுக் கார்பெட் போட்டிருந்தோம்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். அந்த ஆளிடம் அதுவரை நான் கேட்காத குரல் வந்தது. "உங்கள் இதயத்துக்கு ரத்தம் போதவில்லை. இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இருங்கள். கதைக்க வேண்டாம்." இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் படியிலேயே குந்திவிட்டார். அந்த மனிசனைக் கதைக்க வேண்டாம் என்று சொல்லி நிறுத்தியவரை என் சீவியத்தில் அன்றுதான் கண்டேன். அவரே போன் எடுத்து, என்ன அறிகுறி, எவ்வளவு காலமாக, என்ன வயது என்று ஒரு சொல்கூட மிச்சமில்லாமல் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்ததும், கூட ஒருவர்தான் வரலாம் என்றார்கள். நான் ஏறினேன். அவர் எனக்குப் பின்னால் ஏறி, "நான் டொக்டர்," என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வாய் ஓயாமல் மறுத்த மனிதர்.

அந்தச் சோடியை மறந்தே போனோம். பிறகு வீட்டுக்கு வந்து பார்த்தால் தேத்தண்ணிக் கோப்பைகள் எல்லாம் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. கதவு ஒழுங்காகச் சாத்தியிருந்தது.

ஆஸ்பத்திரியில் இதயத்தைப் பார்த்தவர் மதுரைப் பக்கத்து இளம் டொக்டர். "அடைப்பு இருக்குங்க ஐயா. சின்னதா ஒரு ஸ்டென்ட் வைக்கிறேன், சரியாயிடும். நல்ல நேரத்துல வந்தீங்க. யாரு முதல்ல கண்டுபிடிச்சாங்க?"

கட்டிலில் கிடந்த இவர், "ஜப்பான்," என்றார்.

"ஜப்பான்ல யாரு?"

"எல்லாரும்தான் தம்பி."

வீட்டுக்கு வந்த பிறகு நான் ஒரு விசயத்தை விசாரித்தே ஆக வேண்டியிருந்தது. "அப்ப இவ்வளவு நாளும் நீங்கள் அந்தப் படத்தைப் பாக்கேல்லையா?"

"பாத்தனான். மூச்சு வரும்வரைக்கும் எங்கையாவது பாக்கத்தானே வேணும்? அதில தொங்கினது அதுதான்."

இப்போது ஒரே மூச்சில் மேலே ஏறிப் போகிறார். படத்தின் தூசியை நான்தான் துடைக்கிறேன்.

வாசகர்கள் பத்திரிகைக் கந்தோர் மூலமாகப் பொதிகள் அனுப்பினார்கள். காய்ந்த கடற்பாசி, கோயிலில் வைத்து எடுத்த சின்னப் பட்டுப் பைகள், பச்சைத் தேயிலை. இவர் கடற்பாசியைப் புட்டோடு குழைத்துச் சாப்பிட்டுப் பார்த்தார், பிறகு ஒருத்தரிடமும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. வருகிறவர்களிடம் சொல்ல இவருக்கு வேறு பகிடி இருந்தது: "மேல மூண்டு பேர் இருந்திருக்கினம். கண்டது டொக்டர், சொன்னது கந்தோர்காரர், எழுதினது பேப்பர்காரர். வாடகை மட்டும் ஒராள்தான் தந்தவர்."

மேலறைக்காரர் இந்தச் சம்பவத்தைக் கடுமையாக எடுத்துக்கொண்டார். இனிமேல் எவரிடமும் சுற்றி வளைத்துப் பேசுவதில்லை என்று எங்கள் இருவருக்கும் முன்னால் நின்று அறிவித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா முழங்காலோடு வந்தார். மேலறைக்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "உங்கள் எடை அதிகம். நடக்க வேண்டும். வடை வேண்டாம்," என்றார். நான் எவ்வளவோ மென்மையாக மொழிபெயர்த்தும் 'வடை' என்ற சொல்லை அக்கா நேரடியாகவே பிடித்துவிட்டார். அடுத்து வந்தவரிடம், உங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, வீட்டில் கதைக்க ஆள்தான் இல்லை என்றார். இன்னொருவரிடம் சிகரெட் பெட்டியைக் கேட்டு வாங்கிக் குப்பை வாளியில் போட்டார். ஒரு மாதத்துக்குள் கூட்டம் கலைந்துவிட்டது. இவர் மனவருத்தத்தோடு கதிரைகளைத் திரும்பக் கொட்டிலுக்குள் அடுக்கினார்.

ஆனால் அக்கா நடக்கத் தொடங்கியிருக்கிறார் என்று கேள்வி. கோபத்தில்தான் நடக்கிறாராம்.

இனி அந்த ஆஸ்பத்திரிப் பத்தி. இவர் தேறியதும் மேலறைக்காரர் நடந்ததை எல்லாம் எழுதினார். அச்சானதும், இந்த முறை போனை நம்ப மாட்டேன், நீங்களே வாசித்துச் சொல்ல வேண்டும் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். அவர் வரி வரியாக ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். இவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டு கேட்டார். ஆம்புலன்சில் வீட்டுக்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் என்ற இடம் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"ஆர் அழுதது?"

"நீங்கள்," என்றார் அவர்.

"நான் அழேல்லை. காத்துக்குக் கண் கலங்கினது. மாத்தி எழுதச் சொல்லும்."

நான் சொன்னேன். அச்சான பிறகு மாற்ற முடியாது என்று அவர் சொன்னார். அப்படியானால் திருத்தம் போட வேண்டும் என்று இவர் நின்றார். ஜப்பானில் இத்தனை பேர் வாசிக்கிறார்கள், ஒரு மரியாதை இருக்கிறது. இரண்டு நாள் மேலேயும் கீழேயும் நான்தான் தூது போனேன். கடைசியில், பல வருசம் கந்தோரில் இருந்த மனிதரல்லவா, அவர் ஒத்துக்கொண்டார்.

திருத்தம் வந்த பத்திரிகையை அவர் இரண்டு கையாலும் பிடித்து, எழும்பி நின்று வாசித்தார்.

"ஆம்புலன்சில் தன் கண்கள் காற்றினாலேயே கலங்கின என்று வீட்டுக்காரர் தெரிவிக்கிறார்."

"ஆ, அதுதான்," என்றார் இவர், என்னை ஒரு பார்வை பார்த்து.

"வாகனத்தின் கதவுகள் சாத்தப்பட்டிருந்தன. கட்டுரையாளர் உள்ளே இருந்தார். காற்று எதையும் அவர் கவனிக்கவில்லை."

நான் இரண்டாவது பகுதியைத் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். இவர் கையைக் காட்டி நிறுத்தினார். "காணும், முதலாவது வசனமே போதும்," என்று சொல்லிவிட்டு, பத்திரிகையை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அக்காவுக்குப் போன் எடுக்கப் போனார்.